தண்ணீர் பாலானால்

எங்கள் வீட்டில் ஒரு டம்ளரில் மட்டும் என் பெயர் இருக்காது. சீராக வந்த பாத்திரம் எல்லாவற்றிலும் அப்பா என் பெயரை வெட்டித்தான் கொடுத்தார். இதிலும் வெட்டியிருந்தது. எதிர் வீட்டு அக்கா காப்பித்தூளுக்கு வாங்கிப்போனார், தேய்த்துத் திருப்பித் தந்தார். சர்க்கரைக்கு வாங்கிப்போனார், தேய்த்துத் தந்தார். இப்படிப் போய்வந்து போய்வந்து முதல் எழுத்து மறைந்தது, பிறகு மீதியும் மறைந்தது. "அழுக்கு ஏறிக் கெடந்துச்சு, எடுத்துட்டேன்" என்றார். அது அழுக்கில்லை, என் பெயர் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஓசூரில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விடவென்றே கட்டிய லைன் வீடுகளில் இருந்தோம். வாசலுக்கு எதிர்வாசல், நடுவில் ஒரு ஆள் நடக்கிற சந்து, சந்தின் கோடியில் குழாய். குழாயடியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சண்டை நடக்கும். நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம் பிறந்தவள், மூன்றும் காதில் ஏறும், ஒன்றிலும் சண்டை போட வராது. அந்த அக்கா விருதுநகர்ப் பக்கம். தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனாலும் மூன்று பாஷைக்காரர்களையும் தள்ளிவிட்டு முதல் குடத்தைப் பிடித்துவிடுவார்.

அவருக்குக் கை சும்மா இருக்காது. தோசை ஊற்றினால் வேகும்வரை பொறுக்க மாட்டார். ஓரத்தைக் கிளப்பிக் கிளப்பிப் பார்ப்பார், தோசை கிழியும்.

"கொஞ்சம் வுடுங்களேன்க்கா" என்பேன்.

"விட்டா கருகிரும்" என்பார்.

டப்பாவில் ரோஜாக் குச்சி நட்டால், வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடி நடுவார். என் மகள் சந்தில் ஓடினால் பிடித்து நிறுத்தி மூக்கைத் துடைப்பார், ரிப்பனை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார். அவர் வாசலைத் தாண்டும்போது மட்டும் குனிந்துகொண்டு ஓட என் மகள் பழகிக்கொண்டாள்.

அந்தக் கைக்கு எந்நேரமும் வேலை வைத்தவர் அவருடைய வீட்டுக்காரர். நான் அண்ணன் என்பேன். நாங்கள் அங்கே குடிபோனபோதே அண்ணன் பேச்சை விட்டிருந்தார். பிரஸ் ஷாப்பில் இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுகிற மிஷின். ஒருவர் தகடு வைக்க வேண்டும், மற்றவர் பெடலை மிதிக்க வேண்டும். தகடு வைத்தவர் கையை எடுக்கவில்லை. அண்ணன் மிதித்துவிட்டார். அந்த ஆள் ஒரு கையோடு ஊர் போய்ச் சேர்ந்தார். அண்ணன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்தான். ஊட்டினால் தின்பார், எழுப்பினால் எழுந்து நிற்பார். கண் மட்டும் எதன் மேலும் நிற்காது. அக்கா அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். வியர்வையே இல்லாத முகம்.

பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாத்திரை கொடுத்தார்கள், தூக்கம்தான் வந்தது. ஆனால் அங்கே உட்காரவைத்திருந்த கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்ததாம். உள்ளே மீன். அண்ணன் தானாக எழுந்து அதன் முன்னால் போய் நின்று, "செவப்பா இருக்கு" என்றாராம்.

இதை அக்கா என்னிடம் சொன்னபோது முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"தெளிவா சொன்னாக. நான் ஓடிப் போயி டாக்டர்கிட்டச் சொல்றேன், அவரு எழுதிக்கிட்டே இருக்காரு. நிமிரக்கூட இல்ல."

"இப்ப இன்னாக்கா பண்றது?"

"தொட்டி வாங்கப் போறேன்" என்றார். உருவியதில் காம்பு ஒன்றுகூட இல்லை. வெறும் இலையை மறுபடி மறுபடி உருவிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து தொட்டி வந்தது. அக்கா காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி இருந்தது. நான் கேட்கவில்லை. தொட்டி ஒன்றரை முழ நீளம் இருக்கும். அடியில் பொடிக்கல் பரப்பி, கல்லுக்கடியில் ஓட்டை போட்ட தட்டு ஒன்று வைத்து, சின்னதாகக் கூவுகிற காற்றுப் பம்பு மாட்டி, இரண்டு சிவப்பு மீன் விட்டார். குமிழி விட்டுக்கொண்டு தண்ணீர் மேலே ஏறியது. அண்ணன் சுவரை விட்டுத் திரும்பினார். மீன் போகிற பக்கமெல்லாம் அவர் கண் போனது. அக்கா அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததில் அடுப்பில் சோறு அடிப்பிடித்து, சந்து முழுக்க வாசம் வந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தண்ணீர் வெளுத்தது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. அக்கா மீனைச் சொம்பில் பிடித்து வைத்துவிட்டு, தொட்டியைக் கவிழ்த்தார். கல்லையெல்லாம் புளி போட்டுத் தேய்த்தார். வெந்நீரில் அலசினார். தட்டைக்கூட நாரால் சுரண்டினார். குழாயில் புதுத் தண்ணீர் பிடித்து ஊற்றினார். பிளீச்சிங் பவுடர் வாடை என் வீட்டுக்கே வந்தது. தொட்டி கடையில் வைத்த புதுக் கண்ணாடி போலப் பளபளத்தது. மறுநாள் இரண்டு மீனும் மல்லாந்து கிடந்தன. அண்ணன் சுவருக்குத் திரும்பிக்கொண்டார்.

மறுபடி பெங்களூர் பஸ். மறுபடி மீன். மறுபடி தண்ணீர் வெளுத்தது, மறுபடி கழுவினார், மறுபடி செத்தது. மீன் செத்தால் அண்ணன் கண்ணில் படும் முன் எடுத்துவிட வேண்டுமென்று விடிந்ததும் முதல் வேலையாகத் தொட்டியைப் போய்ப் பார்ப்பார். எடுத்த மீனை முந்தானையில் மூடி எடுத்துப்போய்க் குழாயடி மண்ணில் புதைப்பார். அண்ணன் அது தெரியாதவர் இல்லை. ஒவ்வொரு முறையும் அவர் சுவரிலிருந்து திரும்ப இன்னும் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது.

ஒருமுறை பஸ்ஸில் அக்கா தண்ணீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, பக்கத்தில் இருந்த ஆள், "ஏம்மா, இத்தினி தூரம் போயி இத்தினூண்டு மீனா? கொழம்புக்குப் பத்தாதே" என்றாராம். பஸ்ஸே சிரித்ததாம். அக்காவும் சிரித்தாராம். என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்தவர் நடுவில் நிறுத்திவிட்டு, "அவரு கேட்டது சரிதான. நான் எதுக்குப் போறேன்னு சொல்லியிருந்தா சிரிச்சிருக்க மாட்டாரு, பைத்தியம்னு எறங்கிப் போயிருப்பாரு" என்றார்.

அந்த ஆனி மாதக் கடைசியில் ஊரிலிருந்து பெரியவர் வந்தார். அண்ணனுக்கு மூத்தவர். கெட்டவர் இல்லை. தம்பி தலையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தே இருந்ததால் பேச்சு எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

"இன்னும் எத்தன நாளைக்குத்தா ஒத்தையில கெடந்து அல்லாடுவ? நம்ம பக்கத்துல கோயில் இருக்கு. அங்க கொண்டு வச்சா சரியாவும். எத்தனையோ பேரு எந்திரிச்சு நடந்து வந்திருக்கான்."

"சங்கிலி போட்டுல்ல வைப்பாக, அத்தான்."

"ஓடிறக் கூடாதுன்னு போடுறது."

"இவுக எங்கிட்டு ஓடப் போறாக? எந்திரிச்சு நிக்கவே நாந்தான் தூக்கணும்."

பெரியவர் தம்பி தலையை மறுபடி தடவினார். கிளம்பும்போது, "ஆடி கழியட்டும். வந்து கூட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள அவன் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசுனான்னா, நான் கும்பிட்டுட்டுத் தனியாப் போயிர்றேன்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா என் வாசலில் வந்து நின்றார். "நாளைக்கு என்கூட பெங்களூரு வா. அந்த மீன்காரன் சீக்கு மீனாக் குடுத்து ஏமாத்துறான். நீ கன்னடத்துல நல்லா நாலு ஏசு ஏசு" என்றார். என்னைப் போய் ஏசக் கூப்பிட்டார் என்றால் அவர் எந்த நிலையில் இருந்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தைக்குப் பின்னால் இருட்டான கடை அது. கடைக்காரர் அக்காவைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். "மத்தே பந்த்யாம்மா" என்றார். மறுபடி வந்தாயா என்று. அக்கா என்னை முன்னால் தள்ளினார். எனக்கு ஏச்சு வரவில்லை. முதல் நாள் இந்த அம்மாவிடம் என்ன சொல்லி அனுப்பினீர்கள் என்று மெல்லக் கேட்டேன்.

"ஹேளித்னல்லம்மா. நீரு ஹாலாதரெ பிடு அந்தா" என்றார் அவர், அன்றைக்கே சொன்னேனே என்று.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"இதத்தான் அன்னைக்கும் சொன்னான்" என்றார் அக்கா. "தண்ணி பாழாப்போனா புதுசு பிடின்னு. பிடிச்சுப் பிடிச்சு ஊத்துறேன், சாகுதே. கேளு அவன."

"அது பாழு இல்லக்கா. பாழுன்னா ஹாளு. இவரு சொல்றது ஹாலு. பாலு."

"என்ன பாலு?"

"தண்ணி பாலாட்டம் ஆனா, பிடு. பிடுன்னா பிடிக்கறது இல்லக்கா. வுடுன்னு அர்த்தம். தொடாத, அப்பிடியே வுடு."

குழாயடியில் நாளெல்லாம் ஹாளு ஹாளு என்று திட்டிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு அந்த ஒரு சொல் அக்காவுக்குத் தெரியும். பிடு என்றது தமிழாகவே காதில் விழுந்திருக்கிறது. கடைக்காரர் எனக்கு விளக்கிச் சொன்னதை நான் அக்காவுக்குச் சொன்னேன். புதுத் தண்ணீரில் ஒன்றும் இருக்காதாம். மீனுடைய கழிவே மீனுக்கு விஷமாம். அந்தக் கழிவைத் தின்னக் கண்ணுக்குத் தெரியாத உயிர் கல்லிலும் தட்டிலும் பிறந்து பெருக வேண்டுமாம். அது பெருகும் நேரத்தில் தண்ணீர் பாலாகுமாம். பொறுத்திருந்தால் தானே தெளியுமாம். கல்லைக் கழுவினால், முழுத் தண்ணீரையும் கொட்டினால், பிறந்ததெல்லாம் போய் மறுபடி முதலிலிருந்துதான். குழாய்த் தண்ணீரையும் வாளியில் ஒரு நாள் திறந்துவைத்து வாடை போன பிறகு கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டார். கடைக்காரர் தன் பழைய தொட்டியிலிருந்து வழவழவென்று பச்சை படிந்த கல் ஒரு கைப்பிடி அள்ளிப் பையில் போட்டு, இதைப் போட்டால் சீக்கிரம் பிடிக்கும், கழுவாதே என்றார்.

"லேசா ஒரு தண்ணி அலசிக்கிறலாமான்னு கேளு" என்றார் அக்கா.

நான் கேட்கவில்லை.

பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டும்வரை அக்கா மடியில் இருந்த கல் பையின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப ஒண்ணுகூட சீக்கு மீன் இல்ல. எல்லாம் நான் கழுவிக் கொன்னது" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மீன் மறுபடி தொட்டிக்கு வந்தது. அண்ணன் சுவரிலிருந்து திரும்ப இரண்டு நாள் ஆனது. சொன்னபடி தண்ணீர் வெளுத்தது. இந்தத் தடவை வாடையும் அடித்தது. அக்கா பட்ட பாட்டை நான் எப்படிச் சொல்வது? காலையில் அண்ணனைத் தொட்டிக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்துவிடுவார். "அங்க இருந்தா கை வச்சிருவேன்" என்பார். நான் கழுவி வைத்த பாத்திரத்தைக் கழுவுவார். கல் பொறுக்கின அரிசியில் கல் தேடுவார். நான் ஒருநாள் ஒரு முறம் துவரையையும் கொள்ளையும் ஒன்றாகக் கொட்டி, "தவறிக் கலந்துபோச்சுக்கா" என்று கொடுத்தேன். மத்தியானம் வரை உட்கார்ந்து பிரித்தார். மறுநாளும் கொடுத்தேன்.

"இது நேத்து நான் பிரிச்சதுதான?"

"ஆமாக்கா."

முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டார். "பச்சப்பயறும் இருந்தா போடு" என்றார்.

ஒருநாள் மதியம் மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அக்கா அதைப் பார்த்துவிட்டார். நான் போவதற்குள் தொட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிச் சாய்த்திருந்தார். நான் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை யாரையும் நான் அப்படித் தடுத்ததில்லை.

"கொட்டாதீங்கக்கா. ஒரு குடம் மட்டும் மொண்டு ஊத்தலாம். அவரு அப்பிடித்தான் சொன்னாரு."

"செத்துரும்டி. பாரு, மூச்சு முட்டுது."

"வுடுங்கக்கா."

"வுடு வுடுங்கிற. ஒன் வீட்டுக்காரரா இருந்தா வுடுவியா?"

நான் பிடித்த கையை எடுக்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அண்ணன் உட்கார்ந்திருந்தார், நாங்கள் இருவரும் அங்கே இல்லாதது போல, மூச்சு முட்டுகிற மீனைப் பார்த்துக்கொண்டு. அக்கா அவரைப் பார்த்தார். மெல்லத் தொட்டியை இறக்கினார். ஒரு குடம் மொண்டோம், வாளியில் இருந்த தண்ணீரை ஒரு குடம் ஊற்றினோம். மாலைக்குள் ஒரு மீன் செத்தது. மற்றது கீழே இறங்கிக் கல்லை முகர ஆரம்பித்தது.

ஆடி முடிய சில நாட்களே இருந்தபோது, ஒரு காலையில் அக்கா சந்திலிருந்தே என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். தண்ணீர் தெளிந்திருந்தது. புதுக் கண்ணாடித் தெளிவு இல்லை. கல்லில் லேசாகப் பழுப்பு படிந்து, ஏதோ குளத்தின் ஓரத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது போல இருந்தது. ஒற்றை மீன் நீளவாக்கில் போய்த் திரும்பி வந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி சாவாது" என்றார் அக்கா. "பேசுவாக. பாரு, இன்னைக்கோ நாளைக்கோ பேசிருவாக."

அண்ணன் பேசவில்லை. அடுத்த நாளும் இல்லை. அக்கா அவர் முன்னால் மண்டியிட்டு, "என்ன நெறம் சொல்லுங்க. செவப்பு. சொல்லுங்க, செவப்பு" என்று குழந்தைக்குச் சொல்லித்தருவது போலச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். ஒருகட்டத்தில் அது கெஞ்சலாகி, அழுகையானது.

பெரியவர் சொன்ன சொல் தவறாமல் வந்தார். சங்கிலியெல்லாம் கொண்டுவரவில்லை, தம்பிக்குப் புது வேட்டி ஒன்று கொண்டுவந்தார். வேட்டியைப் பார்த்ததும், கூட்டிப்போகவே வந்திருக்கிறார் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. நான் தண்ணீர் கொடுக்கப் போயிருந்தேன்.

"பேசுனானா?" என்றார் பெரியவர்.

"பேசுனாக" என்றார் அக்கா. "நேத்துப் பேசுனாக. இந்தா, இவளும் இருந்தா. கேளுங்க."

எங்கள் வீட்டுக்கு வரும் ஆண்களுக்கே நான் கதவுக்குப் பின்னாலிருந்துதான் பதில் சொல்வேன். "ஆமாங்க, பேசுனாருங்க" என்று என் வாய் சொன்னது.

"என்ன பேசுனான்?"

"தண்ணி கேட்டாக" என்றார் அக்கா.

"செவப்பா இருக்குன்னாரு" என்றேன் நான்.

இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன. பெரியவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "ரெண்டு பேரும் முன்னயே பேசி வச்சுக்கிறக் கூடாதாத்தா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. எழுந்து தம்பியின் கையைப் பிடித்தார். அண்ணன் எழுந்தார். இரண்டு எட்டு வைத்தவர் தொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். பெரியவர் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை.

"பாக்குறாக பாருங்க, அத்தான். முன்ன எதையும் பாக்க மாட்டாக. இப்பப் பாக்குறாக."

"மீனத்தானத்தா பாக்குறான். ஒன்னையவா பாக்குறான்?"

"என்னையப் பாக்கணும்னு நான் எப்பக் கேட்டேன்?" என்றார் அக்கா.

பெரியவர் தம்பியின் கையை விட்டார். கட்டிலில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சாயங்கால பஸ்ஸுக்குத் தனியாகத்தான் போனார். தை பிறந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். புது வேட்டியை மட்டும் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் தன்னைப் பார்க்க வேண்டுமென்று கேட்டதே இல்லை என்று அக்கா சொன்னது உண்மையில்லை என்று எனக்கு மறுநாள் தெரிந்தது. சுவரோரம் இருந்த தொட்டியை ஸ்டூலோடு நகர்த்தி வீட்டின் நடுவில் வைத்திருந்தார். நடக்கவே இடமில்லை. பம்பு ஒயர் குறுக்கே தொங்கியது. அண்ணன் ஒருபக்கம் உட்கார்ந்திருந்தார். தொட்டிக்கு மறுபக்கம், அவர் கண்ணுக்கு நேராக முகம் வருகிற மாதிரி, அக்கா உட்கார்ந்திருந்தார். மீன் நடுவில் போய்வந்தது.

அதற்குப் பிறகு தினமும் வேலை முடிந்ததும் அப்படித்தான். தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து அந்தப் பக்கம் உட்காருவார். தண்ணீருக்குள் தெரிந்த அந்த முகம் பெரிதாக, கொஞ்சம் கோணலாக இருக்கும்.

தை வருவதற்குள் எங்கள் வீட்டுக்காரருக்குக் கிருஷ்ணகிரியில் வேலை கிடைத்து நாங்கள் வீட்டைக் காலி செய்தோம். சாமானெல்லாம் வண்டியில் ஏற்றிய பிறகு சொல்லிக்கொள்ளப் போனேன். அக்கா எழுந்து வரவில்லை. கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்தால் அந்த நேரத்தில் அண்ணன் பார்த்துவிடுவாரோ, பார்க்கும்போது அங்கே ஆள் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தது போல இருந்தது. நான் வாசலில் நின்று அண்ணனின் கண்ணைப் பார்த்தேன். அது நகரவில்லை. ஒரே இடத்தில் நின்றிருந்தது. அந்த நேரம் மீன் கீழே கல்லோரம் இருந்தது. அவர் கண் அங்கே இல்லை, மேலே, அக்கா முகம் தெரிகிற இடத்தில் இருந்தது.

அக்கா என்று கூப்பிட வாய் திறந்தேன். அதற்குள் மீன் மேலே வந்துவிட்டது.